ஒற்றுக்காரர் வீட்டு நிழற்குடை

அச்சகத்தில் எல்லோரும் அவரை ஒற்றுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஒற்று என்றதும் உளவாளி என்று நினைத்துவிட வேண்டாம். உளவு பார்க்கிற சாமர்த்தியம் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. அவர் பிழை திருத்துபவர். முப்பத்திரண்டு வருஷம் ஒரே மேஜை, ஒரே ஜன்னல், சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பேனா. எழுதுகிறவர்கள் விட்டுவிட்ட க், ச், த், ப் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து அதனதன் இடத்தில் உட்கார வைப்பார். கூப்பிடாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் ஒற்றைக் கண்டால் காதைத் திருகி வெளியே அனுப்புவார்.

வேலையோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. மனிதருக்கு அது வியாதியாகிவிட்டது. முடிவெட்டும் கடையில் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியில் இடம்வலம் மாறித் தெரியும் விலைப்பட்டியலில் பிழை தேடுவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியைப் பார்ப்பதற்கு முன்னால் திருத்தி முடித்துவிடுவார். ஒருமுறை அப்படித் திருத்திய பத்திரிகையை மண்டபத்துக்கே எடுத்துப்போய் மாப்பிள்ளையின் அப்பாவிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எந்தப் பத்திரிகையும் வரவில்லை. அந்த வீட்டில் வேறு கல்யாணமே நடக்கவில்லை போலும் என்று அவர் வருத்தப்பட்டார்.

அவர் மனைவி தையல்காரி. அப்படி எழுதினால் ஒற்றுக்காரர் விடமாட்டார், ‘தையற்காரி’ என்று திருத்துவார். எதற்கு வம்பு, துணி தைப்பவர் என்றே வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடச் சட்டைகளை மொத்தமாக வாங்கி வீட்டிலேயே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். காஜா எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பொத்தான் துளையைச் சுற்றி அவர் போடும் தையல், சட்டை கிழிந்து கரித்துணி ஆன பிறகும் அப்படியே நிற்கும்.

கல்யாணமான முதல் வருஷம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நான்கு பக்கம். புதுப்பெண் நான்கு பக்கத்தில் என்ன எழுதியிருப்பாள் என்று நமக்கே தெரியும். எட்டாம் நாள் பதில் வந்தது. ஆசையாகப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது மனைவி எழுதிய கடிதமேதான், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் திருத்தப்பட்டு. கடைசியில் ஒரு குறிப்பு: ‘நன்று. ஒற்றுகளைக் கவனிக்கவும்.’ ஒற்றுக்காரர் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். ‘நன்று’ என்ற சொல்லை அவர் பெரிய பெரிய ஆட்களின் எழுத்துக்குக்கூடப் போட்டதில்லை. தன் அன்பை மொத்தமாகக் கொட்டிவிட்டோம் என்று நினைத்துத்தான் தபாலில் சேர்த்தார்.

அதற்குப் பிறகு மனைவி அவர் கண்ணில் படும்படி ஒரு வரிகூட எழுதவில்லை. கடைச் சாமான் பட்டியல் மனசில் இருக்கும். சட்டை அளவுகள் நோட்டில் இருக்கும், நோட்டு பூட்டிய பெட்டியில் இருக்கும். வெளியூரில் இருக்கும் மகளுக்குக் கைபேசியில் பேசித்தான் அனுப்புவார், எழுதி அனுப்ப மாட்டார். எல்லா இடத்திலும் விடுபட்டதைக் கண்டுபிடித்தவர் வீட்டில் விடுபட்டுப்போன இதை மட்டும் முப்பது வருஷமாகக் கண்டுபிடிக்கவில்லை.

இப்படி இருந்தவர் ஓய்வுபெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்தார். திருத்துவதற்குத் தாள் கிடைக்காததால் பேச்சைத் திருத்த ஆரம்பித்தார். மனைவி ‘அந்த பக்கம்’ என்றால், ‘அந்தப் பக்கம்’ என்று உள்ளேயிருந்து குரல் வரும். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்துவார். அது கருகி முடியும். மூன்று மாதத்தில் வீட்டில் பேச்சு பாதியாகக் குறைந்தது, கருகல் வாசனை இரண்டு மடங்கானது.

அவர்கள் வீடு பஸ் போகும் சாலையில் இருந்தது. வீட்டுக்குப் பக்கவாட்டில் இரண்டு கட்டில் நீளத்துக்கு ஒரு தோட்டம், இடுப்புயரச் சுவர், சின்னக் கம்பிக் கதவு. செம்பருத்தி ஒன்று, ரோஜாத் தொட்டிகள் ஏழு. மனைவிக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. காஜா எடுக்க அறை வெளிச்சம் போதவில்லை. வெளியே வந்தால் வெயில் மண்டையைப் பிளந்தது. கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும், தலைக்கு வெயில் வேண்டாம். தோட்டத்தில் நிழலுக்கு அழகாக ஏதாவது ஒன்று வைத்துக்கொள்வது என்று ஒருநாள் முடிவு செய்தார்.

ஒற்றுக்காரரிடம் அவர் சொன்னது இதுதான்: “இது நான் பாத்துப் பண்றது. கூட வாங்க, பாருங்க. ஆனா கை வைக்காதீங்க. பேனாவ வச்சிட்டு வாங்க.”

ஒற்றுக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். வழியெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தெருக்கோடியில் இருந்தது அந்தப் பட்டறை. கதவு, ஜன்னல் கம்பி, தோட்டச் சாமான் எல்லாம் அங்கே செய்தார்கள். முன்னால் பெரிய முற்றத்தில் மாதிரிக்கு வகைக்கு ஒன்றாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பட்டறைக்காரர் இருபது வருஷம் சுத்தியல் சத்தத்தில் இருந்து காது மந்தமாகிப்போனவர். அதனால் அங்கே வாய்ப்பேச்சுக்கு இடமில்லை. வேண்டியதைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெட்டியில் கயிறு கட்டி ஒரு நீலப் பேனா தொங்கியது. மேலே சுவரில் கொட்டை எழுத்தில், ‘எழுதினது வரும். எழுதாதது வராது.’ ஒற்றுக்காரர் அதை மூன்று முறை படித்தார். பிழை இல்லை. பட்டறைக்காரர்மேல் அவருக்கு அப்போதே ஒரு மரியாதை வந்துவிட்டது.

மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எட்டுத் தூணும் கூம்புக் கூரையுமாக ஒன்று நின்றது. “இதுல பேண்டு வாத்தியம்தான் வாசிக்கணும்” என்று நகர்ந்தார். அடுத்தது மேலே வெறும் சட்டங்களை வரிசையாக அடுக்கியது, நடுவில் இடைவெளி விட்டு. நிழலுக்குப் போட்டதில் வெயில் கோடு கோடாக இறங்கியது. இதற்கு எதற்கு இரும்பைச் செலவழிக்க வேண்டும் என்று கேட்டார். முக்கோணத் துணியை மூன்று கம்பத்தில் இழுத்துக் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, காயப்போட்ட துணியை யாரோ எடுக்க மறந்துவிட்டார்கள் என்றார்.

ஒற்றுக்காரர் ஒன்றையும் பார்க்கவில்லை. அவர் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுத்தூண் சமாச்சாரத்துக்குப் பலகையில் ‘கசீபோ’ என்று இருந்தது. விலைச்சீட்டில் ‘கெசபோ’. அளவுச்சீட்டில் ‘கஸேபோ’. ஒரே பொருளுக்கு மூன்று பெயர். எந்த ஊர்ச் சொல்லாக இருந்தாலும் ஏதாவது ஒன்றுக்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டாமா என்று அவருக்குப் பொறுக்கவில்லை. கை பரபரத்தது. பையில் பேனா இல்லை.

முற்றத்தின் மூலையில் ஒரு பெரிய குடை விரித்து நின்றது. பச்சையும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை, நடுவில் ஒற்றைக் கம்பு, கீழே ஒரு வட்ட மேஜை, இரண்டு நாற்காலி. மனைவி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். துணி வழியாக இறங்கிய வெளிச்சம் கண்ணைக் கூசவில்லை. கையில் ஊசி இருப்பதுபோல விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். நகக்கண் தெளிவாகத் தெரிந்தது. வெகுநாள் கழித்து அவராகவே சிரித்துக்கொண்டார்.

“இங்க வந்து உக்காருங்களேன்” என்று கூப்பிட்டார்.

“இதோ” என்றார் ஒற்றுக்காரர். அவர் அப்போது ‘பூந்தொட்டிகள்’ என்பதை ‘பூந்த்தொட்டிகள்’ என்று எழுதியிருந்த பலகையின் முன்னால் நின்றிருந்தார். அந்தக் கூடுதல் ‘த்’தை நகத்தால் சுரண்ட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது நாற்காலி காலியாகவே இருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மனைவி எழுந்து போய்ச் சீட்டை எடுத்து எழுதினார். முப்பது வருஷத்துக்குப் பிறகு கணவர் பார்க்க எழுதிய எழுத்து அது.

‘நிழல் குடை ஒன்று. பெரியது. பச்சை வெள்ளை. ரெண்டு பேர் உக்காறனும். சுவர் ஓரம் நாலு கல் வச்ச இடம்.’

கீழே முகவரி. எழுதி முடித்த நேரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் இரும்பை அறுக்கத் தொடங்கினார்கள். நெருப்புப்பொறி பறந்தது. சேலையில் படுமே என்று சீட்டை மடித்துக் கணவர் கையில் கொடுத்து, “அப்படியே போட்டுட்டு வாங்க” என்றார். ‘அப்படியே’ என்பதை அழுத்திச் சொன்னார். சொல்லிவிட்டுக் குடையை இன்னொரு தடவை பார்க்கப் போனார்.

அப்படியே போட்டிருக்கலாம். பெட்டி கையெட்டும் தூரம். ஆனால் மடித்த தாளைப் பிரிக்காமல் விடுவது ஒற்றுக்காரரின் ஜாதகத்திலேயே இல்லை. பிரித்தார். ‘உக்காறனும்’ கண்ணில் குத்தியது. அதை ‘இருவர் அமர வேண்டும்’ என்று சீர்செய்தார். பிறகு முதல் வரிக்கு வந்தார். நிழல், ஒரு இடைவெளி, குடை. ‘ல்’லுக்குப் பின்னால் ‘கு’ வந்து நிற்கிறது, இடையில் ஒரு சேர்க்கையும் இல்லை. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா போனால் முப்பத்திரண்டு வருஷம் வாங்கிய சம்பளம் செரிக்குமா? நீல மையில் திருத்துவது அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் ‘ல்’லை அடித்து ‘ற்’ போட்டு, இரண்டு சொல்லையும் இழுத்துச் சேர்த்து ஒரு வளைவு வளைத்தார்.

நிழற்குடை.

இலக்கணப்படி அது சரி. அதுதான் இதில் உள்ள கொடுமை. சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திருப்தியோடு வெளியே வந்தார்.

மறுநாள் இருவரும் மகள் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பினார்கள். குடை வந்திருக்கும், போனதும் அதன் கீழே உட்கார்ந்து ஒரு வாய் டீ குடிக்க வேண்டும் என்று மனைவி பஸ்ஸில் வரும்போதே சொன்னார். மகள் வாங்கிக் கொடுத்த இரண்டு கோப்பைகள் அவர் மடியில் இருந்தன.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் தெருமுனையில், வீட்டைத் தாண்டி முந்நூறு அடி தள்ளி. அதற்கு முன்பே பஸ் வேகம் குறைந்தது. கண்டக்டர் படியில் நின்று, “நிழற்குடை எறங்கு” என்று குரல் கொடுத்தார்.

“புது ஸ்டாப்பிங் போட்டிருக்கான் போல” என்றார் ஒற்றுக்காரர் மகிழ்ச்சியாக. “நிழற்குடை. கண்டக்டர் எவ்வளவு சுத்தமா சொல்றார் பாரு.”

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பச்சையும் வெள்ளையும் அடித்த இரும்புத் தகட்டில் மூன்று பக்கம் மறைப்பு, சாலையைப் பார்த்துத் திறந்த முகம், வளைந்த கூரை, உள்ளே கச்சிதமாக இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு. நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதுவதற்காக நீளமாக ஒரு வெள்ளைப் பலகை. நல்ல வேலைப்பாடு என்று நினைத்தார். அப்புறம்தான் அதற்குப் பக்கத்தில் இருந்த செம்பருத்தி அடையாளம் தெரிந்தது. சுவருக்கு உள்ளே ஏழு ரோஜாத் தொட்டிகள் இருந்தன. முகத்தில் ஈயாடவில்லை.

அவர்களோடு மூன்று பேர் இறங்கினார்கள். உள்ளே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி தன் தோட்டத்துக் கதவைத் தானே திறந்துகொண்டு நுழைந்தபோது அவர்களில் ஒருவர், “அம்மா, எட்டாம் நம்பர் போயிடுச்சா?” என்று கேட்டார்.

பையைக்கூட இறக்கி வைக்காமல் பட்டறைக்குப் போனார்கள். பட்டறைக்காரர் கம்பியில் குத்தி வைத்திருந்த சீட்டுகளில் இவர்களுடையதை உருவி நீட்டினார். நிழற்குடை என்று தெளிவாக எழுதியிருக்கிறதே, நாங்கள் ஊர் பூராவும் பஸ் நிறுத்தங்களில் போடுகிறோமே, அதுதானே என்றார். எல்லோரும் நாலு பேர் பெஞ்சு கேட்பார்கள், இவர்கள் இரண்டு பேர் என்று எழுதியிருந்ததால் தனியாக அளவெடுத்து அடித்தாராம். சொந்த இடத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்காக நிழல் போட்டுத் தருகிற புண்ணியவான்கள் இந்தக் காலத்திலும் இருக்கிறார்களே என்று பட்டறையில் எல்லோரும் பேசிக்கொண்டார்களாம்.

மனைவி சீட்டைப் படித்தார். அடித்த ‘ல்’லைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். ஒற்றுக்காரர், ‘ல்’லுக்குப் பின்னால் வல்லினம் வந்தால் ‘ற்’ ஆகத்தான் வேண்டும் என்று மெல்ல ஆரம்பித்தார்.

“முப்பது வருஷத்துல ரெண்டே தடவ எழுதினேன்” என்றார் மனைவி. “ரெண்டும் நான் எழுதினபடி இருக்க விடல நீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். சாதாரணமாகச் சொன்னார். காது கேட்காத பட்டறைக்காரரே தலையைக் குனிந்துகொண்டார். முதல் தடவை எது என்று ஒற்றுக்காரருக்குப் புரியவில்லை. திரும்பி வரும் வழியில், பாதித் தெருவில், அந்த நான்கு பக்கம் நினைவுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டார். மனைவி நிற்காமல் நடந்துகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அந்த அம்மா வீட்டுக்குள் பேசிய ஒரே சொல் ‘ம்’. சாப்பிடலாமா, ம். மகள் பேசினாளா, ம். தண்ணீர் வருகிறதா, ம். ‘ம்’மில் பிழை வராது. முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தையும் கூட்டிப் பார்த்தாலும் அதில் திருத்த ஒன்றும் இல்லை. நாள் முழுக்கப் பிழையில்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒற்றுக்காரருக்கு முதல் முறையாகத் தெரிந்தது.

வெளியே நிலைமை வேறு. காஜா எடுக்க வெளிச்சம் வேண்டுமே என்று மூன்றாம் நாள் மனைவி வீம்பை விட்டு நிழற்குடையில் போய் உட்கார்ந்தார். பெஞ்சின் மறுபாதியில் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பஸ் வரும்வரை பேசினாள். அவள் போனதும் காய்கறிக் கூடையோடு ஒருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு வங்கிக் காவலாளி வந்து இடமில்லாமல் நின்றுகொண்டே பேசினார். “அக்கா, இது உங்க வீட்டு எடமா, மகராசி” என்றாள் கூடைக்காரி. ஒற்றுக்காரர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி பேசினார். வாய் ஓயாமல் பேசினார். மாப்பிள்ளை முறைத்ததை, மகள் சமாளித்ததை, ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லாச் சட்டைக்கும் காலர் மாறிப்போனதை. ‘அந்த பையன்’ என்றார். ‘ஒரு ஆள்’ என்றார். ‘முயற்ச்சி பண்ணேன்’ என்றுகூடக் காதில் விழுந்தது. யாரும் நிறுத்தவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலுக்குள் இருந்தவருக்கும் சிரிப்பு வந்தது. சத்தம் வெளியே கேட்டுவிடாமல் திரை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இவ்வளவு பேச்சு இந்த மனுஷிக்குள் இருந்திருக்கிறது. தனக்கு அதில் ஒரு வாய்கூடக் கிடைக்கவில்லை. பொறாமையாக இருந்தது அவருக்கு. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் தனியாகப் பட்டறைக்குப் போனார். போட்டதைக் கழற்றிக்கொண்டு குடையைக் கொடுக்க முடியுமா என்று கையால் ஜாடை காட்டினார். பட்டறைக்காரர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். எழுதினது வரும். ஒற்றுக்காரர் நீலப் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எழுதினார்: நிழல். ஒரு விரற்கடை இடைவெளி விட்டார். குடை. வேர்த்துவிட்டது மனிதருக்கு. வெள்ளிக்கிழமை மாற்றித் தருகிறேன் என்று பட்டறைக்காரர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். வழக்கமான ‘ம்’முக்காகக் காத்திருந்தார்.

“வேண்டாங்க” என்றார் மனைவி. “குடைக்குக் கீழ நீங்களும் நானும்தான் உக்காரணும். இங்க நாலு பேர் வர்றாங்க. நான் பேசினா கேக்கறாங்க.”

ஒற்றுக்காரர் பட்டறைக்குத் திரும்பப் போய் அந்தச் சீட்டை வாங்கி, இடைவெளியோடு அப்படியே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் பஸ் கம்பெனி டைம் கீப்பர் வந்தார். ஆள் நிற்பதைப் பார்த்துப் பார்த்து எல்லா வண்டியும் இங்கே நிற்கிறது, வண்டியின் ஒவ்வொரு நடைக்கும் இரண்டு நிமிஷம் தாமதமாகிறது, கணக்குச் சொல்லி மாளவில்லை என்றார். நிழற்குடையை எடுக்கச் சொல்லவில்லை. உங்கள் இடம், உங்கள் இரும்பு. ஆனால் மேலே பலகை வெறுமையாக இருக்கிறதே, அதில் பஸ் நிற்காது என்று எழுதி வைத்துவிடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

எழுத வேண்டும் என்றதும் ஒற்றுக்காரரின் மனசு தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. ‘இவ்விடம் பேருந்து நிறுத்தமன்று.’ எவ்வளவு அழகான வாக்கியம். ஒரு சந்திகூடப் பிசகவில்லை. வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டிருந்தார், கையில் பட்டறையில் கேட்டு வாங்கி வைத்திருந்த மிச்சப் பச்சைப் பெயிண்டும் தூரிகையும். ஒற்றுக்காரர் வாயை மூடிக்கொண்டு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

காஜா எடுக்கிற கை. எழுத்து ஒவ்வொன்றும் நிதானமாக வந்தது. இங்கே. பஸ். நி. ற். அடுத்து ‘கா’ வர வேண்டும். தூரிகை ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு ‘க்’ போட்டது. ஒற்றுக்காரர் ஸ்டூலை இன்னும் இறுக்கிப் பிடித்தார். ‘ற்’றுக்குப் பக்கத்தில் இன்னொரு ஒற்று. அச்சகத்தில் இந்தப் பிழையை அவர் எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. மனைவி திரும்பிக் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். அவர் ரோஜாத் தொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு. மறுபடி எண்ணினார். ஏழுதான்.

‘இங்கே பஸ் நிற்க்காது. உட்காரலாம்.’

பெயிண்ட் காய்ந்தது. பஸ்கள் நிற்காமல் போயின. ஆட்கள் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத் தெருமுனைக்கு நடந்தார்கள். ஒற்றுக்காரர் இரண்டு நாள் தோட்டத்துக்குள் தலையைத் தூக்காமல் நடந்தார்.

மூன்றாம் நாள் காலையில் வந்தது வினை, ஒரு தமிழ் டீச்சர் உருவத்தில். பக்கத்துப் பள்ளிக்கூடம். முன்பு பள்ளி மலருக்கு இவர் எழுதிக் கொடுத்த கட்டுரையை ஒற்றுக்காரர் சிவக்கச் சிவக்கத் திருத்தி அனுப்பியிருந்தார். டீச்சர் அதை மறக்கவில்லை. மனைவி பெஞ்சில் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். டீச்சர் பலகையைப் பார்த்தார், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒற்றுக்காரரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“சார், நீங்களே இப்படி விடலாமா? ‘ற்’றுக்குப் பக்கத்துல இன்னொரு ஒற்று வருமா?”

ஊசி நின்றது. ரோஜாத் தொட்டியில் தண்ணீர் நிறைந்து வழிந்தது.

“வரும்” என்றார் ஒற்றுக்காரர்.

“எங்க சார் வரும்?”

“எங்க வீட்ல வரும்.”

மனிதருக்கு வயதாகிவிட்டது என்று டீச்சர் நினைத்திருக்க வேண்டும். போய்வருகிறேன் என்று தெருமுனைக்கு நடந்தார். ஒற்றுக்காரர் குவளையைக் கீழே வைத்தார். தொழிலில் அவர் சொன்ன முதல் பொய், அதுவும் ஒரு தமிழ் டீச்சரிடம்.

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “அந்த ‘க்’ அதிகம்னு எனக்குத் தெரியும்” என்றார்.

ஒற்றுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“முப்பது வருஷம் உங்ககூட இருந்துட்டு அதுகூடவா தெரியாது? வேணும்னுதான் போட்டேன். அது உங்களுக்குப் போட்டது.”

சொல்லிவிட்டுப் பெஞ்சின் மறுபாதியில் குவித்திருந்த சட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேர் உட்காரத்தானே எழுதியது. ஒற்றுக்காரர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். எட்டாம் நம்பர் வந்தது, பலகையைப் பார்த்து வேகமெடுத்துப் போனது. மனைவி அடுத்த சட்டையை எடுத்து ஊசியைக் குத்திக்கொண்டே, அந்த பள்ளிக்கூடத்தில் காலர் மாறிப்போன கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவர் ம் கொட்டிக்கொண்டே கேட்டார்.